பெருந்தொற்றுக் காலத்தில் ஸ்காட்டிஷ் ஓப்பரா

ஸ்காட்டிஷ் ஓப்பரா என்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓப்பரா நிறுவனம் ஆகும். கோவிட்-19 பெருந்தொற்று காரணமாக 2020 மார்ச் மாதத்தில் பிரித்தானிய அரங்குகள் மூடப்பட்டபோது இந்நிறுவனமும் தன் மேடையை இழந்தது. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் அது ஒரு கார் நிறுத்துமிடத்திலும், ஆளில்லா அரங்கில் ஒளிப்படக் கருவிகளின் முன்னும், இணையவழிக் கூட்டங்களிலும் இயங்கியது. அக்காலப் பகுதியில் நிகழ்த்தப்பட்ட படைப்புகளையும் மேற்கொள்ளப்பட்ட சமூகப் பணிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஓப்பரா, கதைமாந்தர் தம் உரையாடலைப் பெரும்பாலும் பாடலாகவே நிகழ்த்தும் மேற்கத்திய இசைநாடக வடிவம் ஆகும். அதைப் பாட ஆழ்ந்த மூச்சு வேண்டும். கோவிட்-19 மூச்சுக்காற்றின் வழியே பரவி நுரையீரலைத் தாக்கும் நோய். ஆகவே பிற நிகழ்த்து கலைகளுக்கு வந்த இடையூறு ஓப்பராவுக்கு இருமடங்காக வந்தது. மக்கள் ஓரிடத்தில் கூடுவது மட்டுமன்றி, பாடுவது என்ற செயலே ஐயத்துக்கு உரியதாயிற்று.

நிறுவனத்தின் பின்னணி

ஸ்காட்டிஷ் ஓப்பரா 1962 ஆம் ஆண்டில் இசைநடத்துநர் அலெக்சாண்டர் கிப்சன் என்பவரால் தொடங்கப்பட்டது. முதல் பருவத்தில் புச்சீனியின் "மடாமா பட்டர்ஃபிளை", தெபுசியின் "பெலியாஸ் எ மெலிசாந்த்" ஆகிய இரண்டும் கிளாஸ்கோவின் கிங்ஸ் தியேட்டரில் அரங்கேறின. 1974 இல் தியேட்டர் ராயல் என்னும் பழைய அரங்கு வாங்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் நிறுவனத்தின் சொந்த மேடையாகத் திறக்கப்பட்டது. இது ஏறத்தாழ 1500 இருக்கைகளைக் கொண்டது.

நிறுவனத்தின் வரலாறு செழிப்பும் நெருக்கடியும் மாறிமாறி வந்த ஒன்றாகும். 2004 இல் ஏற்பட்ட நிதிச் சிக்கலால் முழுநேரச் சேர்ந்திசைக் குழு கலைக்கப்பட்டது. 2005-06 பருவத்தில் பெரிய மேடை நிகழ்வுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2011 இல் வாத்தியக் குழு பகுதிநேர அமைப்புக்கு மாற்றப்பட்டது. எனவே மேடை இல்லாத ஒரு பருவம் என்பது இந்நிறுவனத்துக்கு முற்றிலும் புதியதன்று. முன்பு பணம் இல்லாமல் மேடை நின்றது. இம்முறை காரணம் வேறாக இருந்தது.

பெருந்தொற்றுக் காலச் செயல்பாடுகளைப் புரிந்துகொள்ள இந்நிறுவனத்தின் இன்னொரு வழக்கத்தையும் அறிதல் வேண்டும். பெருநகர அரங்குகளுக்கு அப்பால், நான்கு பாடகர்களும் ஒரு பியானோவும் மட்டும் கொண்ட சிறு குழு ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிச் சிற்றூர்களுக்கும் தீவுகளுக்கும் சென்று ஊர்மன்றங்களில் ஓப்பராப் பகுதிகளைப் பாடி வருவது நெடுநாளைய வழக்கம். சரக்கு வண்டியின் இழுவைப்பெட்டியையே மேடையாக்கி, கதைசொல்லி ஒருவரும் இரு பாடகர்களும் இரண்டொரு வாத்தியங்களுமாக அரைமணி நேரத்தில் ஒரு கதையைச் சொல்லி முடிக்கும் சிற்றோப்பராவும் இதன் மரபில் உண்டு. மாளிகை போன்ற அரங்கு இல்லாமலும் ஓப்பரா நிகழ்த்தலாம் என்பதை இக்குழுவினர் முன்பே கைப்பழக்கத்தில் அறிந்திருந்தனர்.

பாடுவதில் இருந்த ஆபத்து

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு சேர்ந்திசைக் குழுவினர் இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தனர். வந்திருந்தோர் 61 பேர். அவர்களுள் ஒருவருக்கு நோய் அறிகுறி இருந்தது. அந்தப் பயிற்சியோடு தொடர்புடையதாக, உறுதி செய்யப்பட்டோரும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவரும் சேர்த்து 53 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் இறந்தனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்நிகழ்வைப் பற்றிய அறிக்கையை 2020 மே மாதம் வெளியிட்டது. உலகெங்கும் பாட்டுக் குழுக்கள் வாயடைத்துப் போனதற்கு இந்த ஒரு நிகழ்வு பெருங்காரணம் ஆகும்.

பாடுவது பேசுவதைவிட அபாயமானதா என்ற வினாவுக்கு அப்போது அளந்து பார்த்த விடை இல்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மருத்துவர்களும் இணைந்து 25 தொழில்முறைக் கலைஞர்களைக் கொண்டு ஒரு சோதனையை நடத்தினர். அறுவைச் சிகிச்சை அரங்கு போன்ற, தூசற்ற காற்றுள்ள அறையில், அவர்கள் மூச்சுவிடும்போதும் பேசும்போதும் பாடும்போதும் வெளிவந்த நுண்துளிகள் எண்ணப்பட்டன. 2020 ஆகஸ்டில் வெளியான முடிவு பலர் எதிர்பாராதது. ஒரே ஒலி அளவில் பேசுவதற்கும் பாடுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் குரல் உயர உயர நுண்துளிகளின் அளவு பெருகியது. மிக மெல்லிய குரலுக்கும் மிக உரத்த குரலுக்கும் இடையே 20 முதல் 30 மடங்கு வேறுபாடு காணப்பட்டது.

இம்முடிவு சாதாரணப் பாடகர்களுக்கு ஆறுதல் தந்தது. ஓப்பராவுக்கு முழு ஆறுதல் தரவில்லை. ஓப்பராப் பாடகர் ஒலிபெருக்கி இல்லாமல் 1500 பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசை வரை, அதுவும் வாத்தியக் குழுவின் முழக்கத்துக்கு மேலாக, கேட்கும்படி பாட வேண்டும். தொண்டைக் குழாயின் வடிவை மாற்றி 3000 ஹெர்ட்சை ஒட்டிய அதிர்வெண்களில் ஆற்றலைக் குவிப்பது அவர்களின் பயிற்சி. வாத்தியங்களின் ஒலியாற்றல் அப்பகுதியில் குறைவு என்பதால் குரல் தனித்துக் கேட்கிறது. இது வெறும் கூச்சல் அன்று எனினும், மிக உரத்த ஒலிதான். ஆகவே இரண்டு மீட்டர் இடைவெளி, திறந்த வெளி, குறைந்த ஆட்கள் ஆகிய மூன்றும் தவிர்க்க முடியாத நிபந்தனைகள் ஆயின.

அரங்கு மூடிய மாதங்கள்

2020 பிப்ரவரியில் ஜான் ஆடம்சின் "நிக்சன் இன் சைனா" கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் நிகழ்த்தப்பட்டது. அடுத்த மாதத்தின் நடுவில் அரங்குகள் மூடப்பட்டன. மார்ச் 23 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது.

ஓப்பராத் தொழிலில் மாத ஊதியம் பெறுவோர் சிலரே. பாடகர், இயக்குநர், ஒளியமைப்பாளர், கூடுதல் வாத்தியக்காரர் முதலியோரில் பெரும்பாலோர் ஒவ்வொரு படைப்புக்கும் தனித்தனி ஒப்பந்தம் செய்துகொள்பவர்கள். ஊதியப் பட்டியலில் இருந்தோருக்குப் பிரித்தானிய அரசு ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2500 பவுண்டு வரம்புக்குள், வழங்கியது. தனித்தொழில் செய்வோருக்கென வேறு திட்டம் இருந்தது. ஆனால் வருமானத்தில் பாதிக்குக் குறைவாகத் தனித்தொழிலில் ஈட்டியவர்களும், 2019 ஏப்ரலுக்குப் பின் தனித்தொழிலைத் தொடங்கியவர்களும் முதலில் அதில் சேர முடியவில்லை. பகலில் பள்ளியில் கற்பித்து இரவில் பாடும் இளம் பாடகர் பலர் இந்த இடைவெளியில் விழுந்தனர். எனவே ஒரு நிறுவனம் அக்காலத்தில் ஏதேனும் ஒன்றைத் தயாரிப்பது என்பது கலைவிருப்பம் மட்டும் அன்று. அது பலருடைய வாடகைப் பணம்.

முதலில் வேலை தொடங்கியது பாடகர்கள் அல்லர். நிறுவனத்தின் ஆடைப் பிரிவினர் மருத்துவமனைப் பணியாளர்களுக்கு வேண்டிய சீருடைகளைத் தைத்துக் கொடுத்தனர். நாடக ஆடை தைப்போர் விரைவாகவும், வெவ்வேறு உடலளவுகளுக்கு ஏற்பவும், பலமுறை துவைத்தாலும் கிழியாதபடியும் தைக்கப் பழகியவர்கள் என்பது இங்கு உதவியது.

எடின்பரோ பன்னாட்டு விழா 1947 இல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக 2020 இல் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக அந்த ஆகஸ்டில் இணையத்தில் வெளியிடப்பட்ட படைப்புகளுள் ஸ்காட்டிஷ் ஓப்பராவின் "தி டெலிஃபோன்" ஒன்றாகும். ஜான் கார்லோ மெனோட்டி எழுதிய இந்த ஓரங்க ஓப்பராவும் விழா தொடங்கிய அதே 1947 இல் முதன்முதலாக அரங்கேறியது. இதில் இரண்டே பாத்திரங்கள். ஓர் இளைஞன் தான் விரும்பும் பெண்ணிடம் மணம் பேச வருகிறான். அவளோ தொலைபேசியை விட்டு நகர்வதில்லை. கடைசியில் அவன் வெளியே போய் அவளைத் தொலைபேசியில் அழைத்து மணம் பேசுகிறான். டெய்சி எவன்ஸ் இதனைக் கைப்பேசிக் காலத்துக் கதையாக இயக்கினார். சேர்ந்திசைக் குழு தேவையில்லை, இருவர் மட்டும் போதும் என்ற நடைமுறைக் காரணமே தேர்வுக்குப் போதுமானது. எனினும், உற்றாரைத் தொலைபேசியில் மட்டுமே சந்திக்க முடிந்த ஆண்டில் இக்கதை முன்பு இருந்த அளவுக்கு வேடிக்கையாக இருந்திருக்காது.

கார் நிறுத்துமிடத்தில் "லா போயெம்"

நிறுவனத்தின் காட்சியமைப்புகள் செய்யப்படும் தயாரிப்புக் கூடம் கிளாஸ்கோவின் வடபகுதியில், எடிங்டன் தெருவில் 40 ஆம் எண்ணில் உள்ளது. அதன் வெளியே ஒரு கார் நிறுத்துமிடம் உண்டு. 2020 செப்டம்பரில் புச்சீனியின் "லா போயெம்" அங்கு நிகழ்த்தப்பட்டது. அரங்குகள் மூடிய பின்னர் இந்நிறுவனம் பார்வையாளர் முன் நேரடியாக நிகழ்த்திய முதல் முழு ஓப்பரா இதுவாகும். ரொக்ஸானா ஹெயின்ஸ் இயக்கினார். நிறுவனத்தின் இசை இயக்குநர் ஸ்டூவர்ட் ஸ்ட்ராட்ஃபோர்டு இசையை நடத்தினார். மிமி பாத்திரத்தை எலிசபெத் லுவெலினும் ரொடால்ஃபோ பாத்திரத்தை சாமுவேல் சாக்கரும் ஏற்றனர். பாடல்கள் ஆங்கிலத்தில் பாடப்பட்டன.

"லா போயெம்" 1896 பிப்ரவரி 1 அன்று இத்தாலியின் துரின் நகரில் முதலில் அரங்கேறியது. 1830 அளவில் பாரிசில் வாடகை கொடுக்க முடியாமல் வாழும் நான்கு இளம் கலைஞர்களின் கதை இது. அவர்களுள் கவிஞனான ரொடால்ஃபோ, அடுத்த அறையில் வாழும் தையற்காரி மிமியைக் காதலிக்கிறான். அவளுக்குக் காசநோய். நோயும் வறுமையும் அவனை அஞ்சவைக்க, அவளை விட்டு விலக முயல்கிறான். இறுதியில் அவள் நண்பர்களின் நடுவே, அதே அறையில் இறக்கிறாள். வருமானமற்ற கலைஞர்கள், இருமும் ஒரு பெண், நெருங்கவும் விலகவும் முடியாத ஒரு காதலன் என இக்கதை 2020 இல் யாருக்கும் விளக்கம் இன்றிப் புரியக்கூடியதாக இருந்தது.

இதன் முதற்காட்சியில் ஒரு சிக்கல் இருந்தது. மெழுகுவத்தி அணைந்த இருட்டில் தரையில் சாவியைத் தேடும்போது ரொடால்ஃபோவின் கை மிமியின் குளிர்ந்த கையின்மேல் படுகிறது. அந்தத் தொடுகையிலிருந்தே அவனுடைய புகழ்பெற்ற பாடல் எழுகிறது. இடைவெளி விதி மேடைக்கும் பொருந்தியதால், தொடுவதில் தொடங்கும் காதலைத் தொடாமலேயே காட்ட வேண்டியதாயிற்று. ஓப்பராவில் இது தோன்றுமளவுக்குக் கடினமானது அன்று. காதலரின் நெருக்கத்தை இவ்வடிவில் உடலைவிடக் குரலே மிகுதியாகச் சுமக்கிறது. இரு குரல்கள் ஒரே சுரத்தில் சேரும்போது மேடையில் அவர்கள் எங்கு நிற்கின்றனர் என்பதைச் செவி பொருட்படுத்துவதில்லை.

வாத்தியக் குழுவும் சுருக்கப்பட்டது. புச்சீனி எழுதியதைச் சிறு குழு வாசிக்கத்தக்கதாக இசையமைப்பாளர் ஜோனதன் டோவ் முன்பே மாற்றி அமைத்திருந்தார். அந்த வடிவமே பயன்பட்டது. திறந்த வெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரோ கூரையோ இல்லை. எனவே, அரங்கில் ஒருபோதும் ஒலிவாங்கியை நாடாத பாடகர்கள் இங்கு அதை அணிய வேண்டியிருந்தது. தூய்மையாளர் சிலர் இதனைக் குறையாகக் கருதுவர். ஆனால் ஒலிவாங்கி இருந்ததால் பாடகர் முழு உரப்பில் பாட வேண்டிய தேவை குறைந்தது என்பதும், உரப்பு குறைந்தால் நுண்துளியும் குறையும் என்பதும் மேலே கூறிய பிரிஸ்டல் அளவீட்டோடு சேர்த்து நோக்கத்தக்கவை.

ஆளில்லா அரங்கில் ஒளிப்பதிவு

இலையுதிர் காலத்தில் நோய் மீண்டும் பெருகியது. குளிர்காலத்தில் திறந்த வெளியில் நிகழ்த்தவும் இயலாது. ஆகவே நிறுவனம் தியேட்டர் ராயலுக்கே திரும்பியது. இருக்கைகள் வெறுமையாக இருந்தன.

மொட்சார்ட்டின் "கோசி ஃபான் துத்தே" அங்கு ஒளிப்பதிவு செய்யப்பட்டு 2020 டிசம்பரில் இணையத்தில் வெளியிடப்பட்டது. இரண்டு ஆண்கள் மாறுவேடத்தில் வந்து தத்தம் காதலியரின் உறுதியைச் சோதிக்கும் இக்கதையை, ரொக்ஸானா ஹெயின்ஸ் தொலைக்காட்சியில் வரும் காதல் போட்டி நிகழ்ச்சியாக மாற்றினார். பந்தயத்தைத் தூண்டிவிடும் தொன் அல்ஃபோன்சோ நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆனார். ஒளிப்படக் கருவிகள் அரங்கில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலையில், அவை கதைக்குள்ளேயே இருக்கும்படி செய்தது அறிவார்ந்த தீர்வு. நடித்தோரில் பலர் நிறுவனத்தின் இளங்கலைஞர் திட்டத்தைச் சேர்ந்தவர்கள். வழக்கமான ஆண்டில் சிறு பாத்திரங்களோடு நின்றிருக்கக்கூடிய அவர்கள் இம்முறை முதன்மைப் பாத்திரங்களைப் பாடினர்.

2021 பிப்ரவரியில் ஹம்பர்டிங்கின் "ஹான்சல் அண்ட் கிரெட்டல்" டெய்சி எவன்ஸ் இயக்கத்தில் இவ்வாறே வெளியிடப்பட்டது. இது ஆங்கிலத்தில் பாடப்பட்டது.

மூச்சுச் சுழற்சித் திட்டம்

நிறுவனத்தின் சமூகப் பணிகளுள் மிகுந்த கவனத்துக்குரியது "பிரெத் சைக்கிள்" (மூச்சுச் சுழற்சி) எனப்படும் திட்டம் ஆகும். இது பெருந்தொற்றுக்காகப் புதிதாக வகுக்கப்பட்டது அன்று. அதன் தொடக்கம் 2013 இல்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது பிறவியிலேயே வரும் மரபணு நோய். இதில் நுரையீரலின் சளி மிகவும் கெட்டியாகி, மூச்சுக்குழாய்களை அடைத்து, பாக்டீரியாத் தொற்றுக்கு இடங்கொடுக்கிறது. இந்நோயாளர் ஒருவரின் நுரையீரலில் தங்கிய பாக்டீரியா இன்னொரு நோயாளருக்குத் தொற்றினால் பெருங்கேடு விளையக்கூடும். எனவே அவர்கள் ஒருவரையொருவர் நேரில் சந்திக்கவே கூடாது என்பது மருத்துவ விதி. ஒரே மருத்துவமனையில் ஆண்டுக்கணக்காகச் சிகிச்சை பெறும் இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் அறியாதிருப்பது இயல்பு.

கிளாஸ்கோவின் கார்ட்னேவல் பொது மருத்துவமனையில் இந்நோய்க்கான பிரிவுடன் சேர்ந்து, நிறுவனத்தில் இசையமைப்பாளராகப் பணியாற்றிய காரெத் வில்லியம்ஸ் இந்நோயாளர்களுக்கு ஓப்பரா முறையில் பாடக் கற்பிக்கும் திட்டத்தில் ஈடுபட்டார். குறைந்த மூச்சில் பாடத்தக்க சிறிய இசைத்தொடர்களைக் கொண்டு பாடல்கள் எழுதப்பட்டன. நோயாளர்கள் சந்திக்க முடியாது என்பதால், இருவர் பாடும் பாடலின் பகுதிகள் தனித்தனியே பதிவு செய்யப்பட்டு, பின்னர் இணைக்கப்பட்டன. ஒன்றாகப் பாடியவர்கள் ஒரே அறையில் இருந்ததில்லை.

ஏழு ஆண்டுகளுக்குப் பின் உலகத்தின் எல்லாப் பாட்டுக் குழுக்களும் கைக்கொள்ள நேர்ந்த முறை இதுவே. 2020 இல் தனித்திருத்தல் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி, இந்த நோயாளர்களுக்குப் பிறந்த நாள் முதல் தெரிந்த செய்தி.

2021 இல் இத்திட்டம் புதிய வடிவில் தொடங்கப்பட்டது. நோய் நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் மூச்சுத்திணறலும் களைப்பும் தொடரும் நெடுங்கோவிட் நிலையில் இருந்தவர்களும், பிற நுரையீரல் நோயாளர்களும் இதில் சேர்க்கப்பட்டனர். கிளாஸ்கோ வட்டாரப் பொது மருத்துவச் சேவையுடன் இணைந்து இது நடத்தப்பட்டது. பங்கேற்றோர் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் மூச்சுப் பயிற்சியும் குரற் பயிற்சியும் பெற்றனர். அதோடு நிற்காமல், காரெத் வில்லியம்சும் எழுத்தாளர் மார்ட்டின் ஓ'கானரும் துணைநிற்க, தம் நோய்க்கால அனுபவத்தைத் தாமே பாடலாக எழுதினர். அப்பாடல்கள் "கோவிட் இசையமைப்பாளர்களின் பாட்டுப்புத்தகம்" என்ற பொருள்படும் பெயரில் தொகுக்கப்பட்டன.

பாடுவது ஏன் பயன்படும் என்பதற்கு ஓர் எளிய விளக்கம் உண்டு. மூச்சுத்திணறல் உள்ளவர் அச்சத்தால் மார்பின் மேற்பகுதியில் மட்டும், விரைவாகவும் மேலோட்டமாகவும் மூச்சிழுக்கிறார். அது திணறலை மேலும் கூட்டுகிறது. பாடகர் பயில்வது இதற்கு நேர்மாறானது: உதரவிதானத்தைத் தாழ்த்தி ஆழமாக இழுத்தல், பின்னர் காற்றைச் சிக்கனமாக, ஒரே சீராக, நீண்ட நேரம் வெளிவிடுதல். மூச்சை எண்ணிக்கொண்டே பயிற்சி செய்பவருக்கு அச்சம் கூடுவதுண்டு. பாட்டில் கவனம் இருப்பவர் மூச்சை மறந்துவிடுகிறார். எனினும் இது சேதமுற்ற நுரையீரலைச் சரிசெய்யும் மருந்து அன்று. மருத்துவச் சிகிச்சையுடன் சேர்ந்து செய்யப்படும் துணை முறையே ஆகும்.

இணையவழியில் சேர்ந்து பாடுவதன் சிக்கல்

மறதிநோய் உள்ளவர்களும் அவர்களைப் பராமரிக்கும் உறவினரும் வாரந்தோறும் கூடிப் பாடும் "மெமரி ஸ்பின்னர்ஸ்" என்ற குழுக்களையும் நிறுவனம் நடத்தி வந்தது. முதியோருக்கே நோய் கொடியது என்பதால் இவர்களே முதலில் வீட்டில் அடைபட்டனர். இந்தக் கூட்டங்கள் இணையவழிக்கு மாற்றப்பட்டன. பள்ளிக் குழந்தைகளுக்கான பணியும் அவ்வாறே மாறியது. வழக்கமாக ஆசிரியர்கள் முன்கூட்டியே பாடல்களைக் கற்பித்திருப்பர். நிறுவனத்தின் குழு ஒரு நாள் வந்து ஒத்திகை நடத்தி அன்றே குழந்தைகளை மேடையேற்றும். வருகை தடைபட்டதால் பாடல்களும் காணொளிகளும் பள்ளிக்கு அனுப்பப்பட்டன.

இணையக் கூட்டத்தில் பலர் ஒரே நேரத்தில் பாடினால் ஏன் குழப்பமாகிறது என்பது பலருக்கும் எழும் வினா. இணைப்பின் வேகம் போதாமை இதற்கு முதன்மைக் காரணம் அன்று. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லிநொடி. ஒருவர் குரல் மற்றவரை அடைய 30 மில்லிநொடிக்கு மேல் ஆனால், அதாவது அவர்கள் 10 மீட்டர் விலகி நின்றால், தாளம் மெல்லப் பின்தங்கத் தொடங்கும். ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருப்பதே அதற்குக் காரணம். காணொளிக் கூட்டத்தில் ஒலியைத் துண்டுகளாக்கிச் சுருக்கி, வழங்கிக் கணினி வழியே அனுப்பி, விரித்து ஒலிக்கச் செய்வதற்கு 100 மில்லிநொடிக்கு மேல் ஆவது இயல்பு. அது 30 மீட்டருக்கு மேல் விலகி நின்று பாடுவதற்குச் சமம். மேலும், பேச்சுக்கென வடிவமைக்கப்பட்ட மென்பொருள் ஒரே நேரத்தில் ஒரு குரலையே முன்னிறுத்தி மற்றவற்றை அடக்கிவிடும்.

ஆகவே கண்டறியப்பட்ட வழி இது: நடத்துநர் மட்டும் ஒலியைத் திறந்து வைத்துப் பாடுவார், மற்ற அனைவரும் தம் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அவருடன் பாடுவர். ஒவ்வொருவருக்கும் கேட்பது நடத்துநரின் குரலும் தன் குரலும் மட்டுமே. திரையில் எல்லோருடைய வாயும் அசையும். எவருடைய ஒலியும் கேட்காது. இது சேர்ந்திசை ஆகாது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மறதிநோய் உள்ள ஒருவர் சிறுவயதுப் பாடலின் அடிகளைப் பிழையின்றிப் பாடுவதை அருகிலிருந்த மனைவியோ மகனோ கேட்க முடிந்தது. பராமரிப்பவருக்கு, அந்த ஒரு மணி நேரம் வேறு மனித முகங்களைக் காணவும் வாய்த்தது. கணினியைக் கையாளத் தெரியாத முதியவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டே இருந்தது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

2021 இல் மீட்சி

2021 கோடையில் எடிங்டன் தெருக் கார் நிறுத்துமிடம் மீண்டும் மேடையாயிற்று. வெர்டியின் "ஃபால்ஸ்டாஃப்", கிளாஸ்கோவைச் சேர்ந்த இயக்குநர் டேவிட் மக்விகரின் இயக்கத்தில் ஜூலையில் அங்கு நிகழ்த்தப்பட்டது. ரோலண்ட் வுட் தலைமைப் பாத்திரத்தை ஏற்றார். ஆகஸ்டில் அதே படைப்பு எடின்பரோ பன்னாட்டு விழாவில் கூரையுள்ள அரங்கில் அரங்கேறியது. இழுவைப்பெட்டிச் சிற்றோப்பராவும் அக்கோடையில் ஊர்ஊராகச் சென்றது. அக்டோபரில் கில்பர்ட், சல்லிவன் ஆகியோரின் "தி கோண்டலியர்ஸ்" தியேட்டர் ராயலில் பார்வையாளர் முன் நிகழ்த்தப்பட்டது.

பிற ஓப்பரா நிறுவனங்கள்

இதே காலத்தில் பிற நிறுவனங்களும் தத்தம் வழியைத் தேடின. லண்டனின் இங்கிலீஷ் நேஷனல் ஓப்பரா அதே 2020 செப்டம்பரில் அதே "லா போயெம்" ஓப்பராவை அலெக்சாண்ட்ரா மாளிகை வளாகத்தில் கார்களில் அமர்ந்து காணும்படி நிகழ்த்தியது. கைதட்டலுக்கு மாற்றாகக் கார்களின் ஒலிப்பான்கள் ஒலித்தன.

அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரில் இயங்கும் மிச்சிகன் ஓப்பரா தியேட்டர் (2022 முதல் இதன் பெயர் டிட்ராய்ட் ஓப்பரா) வாக்னரின் "கோட்டர்டாமெருங்" என்னும் நெடிய ஓப்பராவை ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருக்கி, "ட்விலைட்: காட்ஸ்" என்ற பெயரில் 2020 அக்டோபரில் நிகழ்த்தியது. அரங்கத்தை ஒட்டிய பலமாடிக் கார் நிறுத்தகத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு காட்சி. பார்வையாளர் காரை ஓட்டிக்கொண்டு மாடிமாடியாகச் சென்று, கார் வானொலியில் இசையைக் கேட்டனர். மூலத்தில் கதைத்தலைவி தன் குதிரையில் ஏறி நெருப்புக்குள் பாய்கிறாள். கார் உற்பத்திக்குப் பெயர்பெற்ற அந்நகரில் குதிரையின் இடத்தில் ஃபோர்டு மஸ்டாங் கார் நின்றது. யுவால் ஷாரன் இயக்கிய இப்படைப்பில் சீக்ஃப்ரீட் பாத்திரத்தை ஏற்ற டெனர் குரல் பாடகர் ஷான் பணிக்கர், இலங்கைப் பின்புலம் கொண்ட அமெரிக்கர் ஆவார்.

அட்லாண்டா ஓப்பரா 2020 அக்டோபரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் திடலில், பக்கங்கள் திறந்த சர்க்கஸ் கூடாரம் அடித்தது. பாடகர்களைப் படைப்புக்கொரு ஒப்பந்தமாக அல்லாமல் ஒரு குழுவாக நியமித்தது அந்நிறுவனத்தின் முக்கிய முடிவு. அங்கு நிகழ்த்தப்பட்ட இரண்டில் ஒன்று விக்டர் உல்மன் 1943-44 இல் தெரேசியன்ஷ்டாட் நாசி முகாமில் எழுதிய "அட்லாண்டிஸ் பேரரசன்". கொடுங்கோலனின் போரில் வெறுப்புற்ற மரணம் வேலைநிறுத்தம் செய்ய, யாராலும் சாக முடியாமல் மக்கள் தவிப்பதே இதன் கதை. உல்மன் 1944 அக்டோபரில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

நெடுங்கோவிட் நோயாளர்களுக்குப் பாட்டுவழி மூச்சுப் பயிற்சி அளிக்கும் முயற்சியை இங்கிலீஷ் நேஷனல் ஓப்பராவும் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைகளுடன் இணைந்து 2020 இல் தொடங்கியிருந்தது. ஆறு வாரம் இணையவழியில், தாலாட்டுப் பாடல்களைக் கொண்டு அது நடத்தப்பட்டது. 150 பேரைக் கொண்ட குலுக்கல்முறைச் சோதனையின் முடிவு 2022 இல் "லான்செட் ரெஸ்பிரேட்டரி மெடிசின்" ஆய்விதழில் வெளியானது. பயிற்சி பெற்றோருக்கு மனநலம் சார்ந்த வாழ்க்கைத்தரம் உயர்ந்திருந்தது. மூச்சுத்திணறல் சில அளவைகளில் மட்டும் குறைந்திருந்தது; உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத்தரத்தில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.